புற்றுநோயாளருக்கான தொண்டும் துணையும்: யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் புற்றுநோயாளரின் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே அவர்களோடு கூடவே போய்வரும் தொண்டர்கள் சிலர் நாங்கள். நாங்கள் வைத்தியர்கள் அல்லர். கிளினிக் வாசலிலும் வீட்டுத் திண்ணையிலும் தொலைபேசியிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு, நாங்கள் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறோம். உங்கள் நோயைப் பற்றிய முடிவு எதுவானாலும் உங்களைப் பார்க்கும் வைத்தியரிடம் கேட்டே எடுங்கள்.

புற்றுநோய்க்கான தேசியத் தொண்டு நிறுவனம் என்றால், அது என்ன செய்கிறது?

இலங்கையில் இத்துறையின் மூத்த அமைப்புகளுள் ஒன்று, 1948இல் தொடங்கப்பட்ட இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம். நோய் முற்றிய நிலையில் உள்ளவர்களைக் கட்டணமின்றிப் பராமரிக்கும் சாந்த செவன என்ற இல்லத்தை அது கொழும்புக்கு அருகே மகரகமவில் நடத்துகிறது. சுகாதார அமைச்சின் கீழ் 1980இல் உருவான தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பலர் தொண்டு நிறுவனம் என்று எண்ணிவிடுகிறார்கள். அது அரசின் அமைப்பு. கொள்கை வகுப்பது, நோயாளர் பதிவேட்டை வைத்திருப்பது, பரிசோதனைத் திட்டங்களை வழிநடத்துவது அதன் பொறுப்பு. நோயாளருக்குத் துணை நிற்பது, நோய் வருமுன் காப்பது, ஆராய்ச்சிக்குக் கைகொடுப்பது ஆகிய மூன்றும் தொண்டு நிறுவனத்தின் வேலைகள். இம்மூன்றில் எது எங்கள் மண்ணுக்கு அவசரமானது என்பதில் எங்களுக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு. அதைக் கீழே பல பதில்களில் காண்பீர்கள்.

அரச மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தானே? பிறகு நோயாளருக்கு என்ன உதவி தேவைப்படுகிறது?

எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் இதற்குத்தான் நாங்கள் மிக நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சத்திரசிகிச்சையும் கீமோவும் கதிர்வீச்சும் இலவசம் என்பது உண்மை. அது இந்த நாடு பெருமைப்பட வேண்டிய ஒன்று. ஆனால் வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்த ஒருவருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பொதுவாக வாரத்துக்கு 5 நாட்கள் வீதம் 6 அல்லது 7 வாரங்கள் நடக்கும். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் கீழ்ப் படுத்திருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். நெடுந்தீவில் இருந்து வரும் ஒரு கடற்றொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அந்தச் சில நிமிடங்களுக்காக அவர் விடியலில் படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கும் தெல்லிப்பழை வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. நாட்கூலிக்குப் போகும் மனைவி கூட வந்தால் அன்றைய கூலியும் இல்லை. இரண்டாவது வாரத்தில் வாய் புண்ணாகிச் சோறு இறங்காமல் போகும்போது, கஞ்சிக்கும் பாலுக்கும் சத்துமாவுக்கும் தனியாகக் காசு வேண்டும். மூன்றாவது வாரத்தில், "இவ்வளவு காணும், கொஞ்சம் சுகமாகத்தானே இருக்குது" என்று அவர் வீட்டில் இருந்துவிடுகிறார். கதிர்வீச்சை இடையில் நிறுத்தினால் அதுவரை பெற்ற பயனும் குறைந்துபோகும் என்று அவருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்ல ஆள் இருந்திருக்காது.

மருந்து இலவசமாக இருக்கிறது. ஆனால் மருந்துவரை போய்ச் சேர்வது இலவசமாக இல்லை. பஸ் காசு, தங்குமிடம், சாப்பாடு, கூடப்போக ஓர் ஆள், வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க இன்னோர் ஆள் என்று இந்தச் சின்னச் செலவுகளில்தான் சிகிச்சை அறுந்துபோகிறது. தொண்டு அமைப்பு முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுவே என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

அரச உதவிகளையும் விட்டுவிடாதீர்கள். மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் நோயுதவிக் கொடுப்பனவு பற்றியும் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றியும் உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். போகும்போது கிளினிக் கொப்பியையும், வைத்தியரின் கடிதத்தையும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் பிரதி எடுத்து ஒரே கோப்பில் கொண்டுபோனால் இரண்டாம் தரம் அலைய வேண்டியிராது.

தெல்லிப்பழையிலேயே எல்லாச் சிகிச்சையும் கிடைக்குமா, மகரகமவுக்குப் போக வேண்டுமா?

பெரும்பாலான நோயாளர்கள் வடக்கை விட்டுப் போகாமலே சிகிச்சையை முடித்துக்கொள்ளலாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு 2013இல் திறக்கப்பட்டது. 2011இல் கலர்ஸ் ஒஃப் கறேஜ் அறக்கட்டளை நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையில் இருந்து வடமுனையான பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் கடக்கும் நடைபயணத்தை நடத்தி, இதற்கான நிதியைத் திரட்டியது. வழிநெடுக எல்லா இனத்தவரும் கூட நடந்தார்கள், கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். போர்க்காலத்தில் ஏ9 வீதி மூடப்பட்டிருந்தபோது, மகரகமவுக்குப் போகக் கப்பலுக்கும் விமானத்துக்கும் பாதுகாப்பு அனுமதிக்கும் காத்திருந்த நோயாளர்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டடத்தின் அருமை தெரியும். சில சிக்கலான சத்திரசிகிச்சைகளுக்கும் சிறப்புப் பரிசோதனைகளுக்கும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அனுப்பும்போது கடிதத்தை வாங்காமல் புறப்படாதீர்கள். சிங்களம் தெரியாதவர்கள் ஒரு துணையுடன் போவது நல்லது.

எந்த அறிகுறி தெரிந்தால் வைத்தியரிடம் போக வேண்டும்?

இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வாயினுள் சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு அல்லது சிவந்த திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, விழுங்கும்போது தடக்குதல், மாறாத குரலடைப்பு, மார்பிலோ கழுத்திலோ கக்கத்திலோ தட்டுப்படும் கட்டி, முலைக்காம்பில் இரத்தக் கசிவு, மாதவிடாய் நின்ற பின் வரும் இரத்தப்போக்கு, உறவுக்குப் பின் வரும் இரத்தப்போக்கு, மலத்தில் இரத்தம், காரணமின்றி மெலிதல் ஆகிய எதுவானாலும் போங்கள். இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாக இராது. அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியரே.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் புற்றுநோய் பெரும்பாலும் நோகாது. எங்களில் ஒருவரின் பெரியம்மா, மார்பில் தட்டுப்பட்ட கட்டியை மகளின் கலியாணம் முடியட்டும் என்று 11 மாதங்கள் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்தார். "நோகேல்லைத்தானே பிள்ளை, நொந்தால் சொல்லியிருக்க மாட்டேனோ" என்றுதான் பிறகு சொன்னார். நோகாத கட்டி என்பதுதான் அவர் அன்றைக்கே போயிருக்க வேண்டிய காரணம் என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

புகையிலை சேர்க்காமல் வெற்றிலையும் பாக்கும் மட்டும் போட்டால் பாதகமில்லையா?

பாதகம் உண்டு. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்பது பழைய செய்தி. 2004இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும், பாக்கைத் தனியாகவும், மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவை என்ற முதலாம் வகுப்பில் சேர்த்தது. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருள் கன்னத்தின் உட்தசையை நார்நாராக இறுகச் செய்கிறது. சுண்ணாம்பு அந்தப் பொருளைப் பாக்கில் இருந்து பிரிந்துவரச் செய்கிறது. நாளடைவில் வாய் திறக்கும் அளவு குறைந்து, இரண்டு விரல் நுழையவும் இடமில்லாமல் போகும். அந்த நிலை புற்றுநோயாக மாறக்கூடியது. இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. கன்னத்தில் கூட்டை அடக்கி வைத்துக்கொண்டே தோட்டத்தில் இறைப்பவர்களும், இரவில் வாயில் வைத்தபடியே உறங்குபவர்களும் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள்.

வெற்றிலைத் தட்டம் இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு நல்ல காரியம் தொடங்காது என்பதை நாங்களும் அறிவோம். தட்டத்தை நீட்டுவது மரியாதை, அதைத் தொட்டு எடுப்பதும் மரியாதை. மெல்லாமல் விடுவதால் அந்த மரியாதை குறையாது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பெரியவர் ஒருவர் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வைத்தால், அடுத்தவரும் அப்படியே செய்வதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

பல ஆண்டுகள் போட்டவர் இப்போது விட்டால் பயன் உண்டா என்றும் கேட்கிறார்கள். உண்டு. எந்த வயதில் விட்டாலும் ஆபத்து குறையும். விட்ட பிறகும் மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கன்னத்தின் இரு உட்புறங்கள், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடி, ஈறு, உதட்டின் உட்புறம் எல்லாவற்றையும் பாருங்கள். பார்வை மங்கிய முதியவருக்குப் பேரப்பிள்ளை டோர்ச் அடித்துப் பார்த்துச் சொல்லலாம்.

எங்கள் குடும்பமே புகையிலைத் தோட்டத்தில் வாழ்கிறது. எங்களைக் குற்றவாளிகள் என்கிறீர்களா?

இல்லை. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் வரை போய் விற்கப்பட்டது. குடாநாட்டின் கல்வீடுகளும் பிள்ளைகளின் படிப்பும் பல தலைமுறையாக அந்தக் கன்றில் இருந்தே வந்தன. நட்டவர்களின் உழைப்பைப் பழிக்க எங்களுக்கு மனம் வராது. ஆயினும் அந்த இலை என்ன செய்கிறது என்பதை ஒவ்வொரு கிழமையும் கிளினிக்கில் கண்ணால் காண்கிறோம். ஈரமான இலையைக் கையாள்பவர்களின் தோல் வழியே நிக்கொற்றின் உடலில் சேர்ந்து தலைச்சுற்றும் வாந்தியும் வருவதைத் தோட்டக்காரர்களே சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சாசனத்தின் 17ஆம் உறுப்புரை, பயிரிடுவோருக்கு மாற்று வாழ்வாதாரத்தை ஆதரிக்க வேண்டும் என்கிறது. இலங்கை அந்தச் சாசனத்தை 2003இலேயே ஏற்றுக்கொண்டது. 2020ஆம் ஆண்டளவில் புகையிலைப் பயிர்ச்செய்கையை நிறுத்துவதாகவும் அரசு முன்னர் அறிவித்திருந்தது. மாற்றுப் பயிருக்கு நிலையான விலையும் சந்தையும் இல்லாமல் அறிவிப்பால் மட்டும் எந்தத் தோட்டமும் மாறாது. விவசாயிக்காகவும் பேசுவது புற்றுநோய்த் தடுப்பு வேலையின் ஒரு பகுதி என்று கருதுகிறோம்.

கிணற்றுத் தண்ணீரால் புற்றுநோய் வருகிறதா?

குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலம் மேலே இடப்படும் பசளையையும் மலசலகூடக் குழிகளின் கசிவையும் எளிதில் கீழே இறங்கவிடுகிறது. அதனால் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளின் நைத்திரேற்று அளவு, உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பை மீறியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. உடலினுள் நைத்திரசோ சேர்வைகள் உருவாகும் சூழலில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்று, புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்ற வகுப்பில் வைக்கப்பட்டுள்ளது. ஆனால் இன்னார் வீட்டில் நோய் வந்ததற்கு அந்தக் கிணறுதான் காரணம் என்று எவராலும் கைநீட்டிச் சொல்ல முடியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களை அருந்துவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஒரு காரணமாகலாம் என்று 2016இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அறிவித்தது. ஆற்றிக் குடியுங்கள்.

பாடசாலையில் மகளுக்கு எச்.பி.வி. ஊசி போடப் போகிறார்களாம். சின்னப் பிள்ளைக்கு அது எதற்கு?

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறக்குறைய முழுவதும் எச்.பி.வி. எனப்படும் மனித பப்பிலோமா வைரசினால் வருகிறது. இதை நிறுவிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இலங்கையில் 2017 முதல் தரம் 6இல் படிக்கும் மாணவிகளுக்கு இந்த ஊசி 6 மாத இடைவெளியில் இரண்டு தடவையாக இலவசமாகப் போடப்படுகிறது. வைரசு தொற்றும் வாய்ப்பு வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பயன் கிடைக்கும் என்பதாலேயே அந்த வயதைத் தேர்ந்திருக்கிறார்கள். பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றி இந்த ஊசி எதையும் சொல்வதில்லை. சின்னமுத்துக்கு ஊசி போடுவதைப் போல இதுவும் ஒரு காப்பு. இதனால் பிள்ளைப்பேறு பாதிக்கப்படும் என்ற பேச்சில் உண்மை இல்லை.

நான் ஒரு பெண், எனக்கு 40 வயதாகிறது. நான் என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

1996இல் தொடங்கப்பட்டு, 'வெல் வுமன் கிளினிக்' என்று எல்லோரும் சொல்லும் பெண்கள் நலக் கிளினிக், உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் அறிகுறியை முன்கூட்டியே காணும் பாப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். 35இல் தவறவிட்டிருந்தால் 45 வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே போகலாம். மார்பையும் அங்கே பரிசோதிப்பார்கள். நாளையும் நேரத்தையும் உங்கள் பகுதிக் குடும்பநல மாது சொல்வார். வெட்கம்தான் தடை என்றால், அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். நாங்கள் கண்ட அளவில் இதைவிடச் சிறந்த வழி இல்லை.

புற்றுநோய் தொற்றுமா? தட்டையும் பாயையும் வேறாக வைக்க வேண்டுமா?

தொற்றாது. ஒரே கோப்பையில் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், பேரப்பிள்ளையை மடியில் வைக்கலாம். கீமோவினால் நோய் எதிர்ப்பு குறைந்திருக்கும் நாட்களில், தடிமன் காய்ச்சலுடன் வருபவர்களை நோயாளியிடம் இருந்து சில நாள் விலக்கி வையுங்கள். விலக்குவது அவரைக் காப்பாற்றுவதற்கு.

அப்பாவுக்குப் புற்றுநோய். அவரிடம் சொல்லாமல் மறைத்தால் நல்லதா?

பிள்ளைகள் கிளினிக் வாசலில் எங்களைத் தனியாக அழைத்துக் கேட்பது இதைத்தான். "அவர் தாங்கமாட்டார், சொல்லாதேங்கோ" என்பார்கள். இது அன்பினால் வரும் வேண்டுகோள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் கடிந்து பேச மாட்டோம். ஆனால் பெரும்பாலான தகப்பன்மாருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. அந்த விடுதியின் பெயர்ப்பலகையை அவரும் வாசிக்கிறார், பக்கத்துக் கட்டிலில் இருப்பவருடன் பேசுகிறார். பிள்ளைகள் அழக்கூடாதே என்று அவரும் தெரியாததுபோல் இருக்கிறார். ஒரே வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் காப்பதாக எண்ணிக்கொண்டு தனித்தனியே அழுகிறார்கள்.

அவருக்குச் சொல்லாவிட்டால் ஏன் தினமும் தெல்லிப்பழைக்குப் போக வேண்டும் என்பதை அவரால் விளங்கிக்கொள்ள முடியாது. முடி ஏன் கொட்டுகிறது, ஏன் வாந்தி வருகிறது என்று தெரியாமல் மருந்தின் மேலேயே கோபம் கொண்டு நிறுத்திவிடுவார். காணி உறுதி எழுதுவது, பேசாமல் இருக்கும் தம்பியோடு பேசுவது, நல்லூரானை ஒருமுறை கண்டுவருவது என்று அவர் செய்துமுடிக்க விரும்பும் காரியங்களும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடச் சொல்லவில்லை. "அப்பா, டொக்டர் சொன்னதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிய வேணும்?" என்று கேளுங்கள். அவர் கேட்கும் அளவுக்குப் பொய் கலக்காமல் பதில் சொல்லுங்கள். அவர் கேட்க விரும்பவில்லை என்றால் அதையும் மதியுங்கள். சொல்வதற்குப் பயமாக இருந்தால் வைத்தியரோ தாதியோ கூட இருக்கும்போது பேசலாம். தொண்டர்களும் வருவோம்.

ஊருக்குத் தெரிந்தால் பெண்பிள்ளையின் கலியாணம் தடைப்படும் என்று மறைப்பவர்களும் உண்டு. புற்றுநோய்களில் 5 முதல் 10 வீதம் வரையே பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் உண்டாகின்றன. சம்பந்தம் பேசுபவர்களுக்கு இந்தக் கணக்கைத் தயங்காமல் சொல்லுங்கள்.

நாட்டு மருந்தால் குணமாக்கலாம் என்கிறார்களே?

எங்கள் வளவுகளில் பூக்கும் நித்தியகல்யாணியில் இருந்துதான் வின்கிறிஸ்ரின், வின்பிளாஸ்ரின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வின்கிறிஸ்ரின் கொடுக்கப்படுகிறது. ஆகவே செடிகொடிகளில் மருந்து இல்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த மருந்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தப் பரிசோதனை பார்த்து, நாளத்தினுள் ஏற்றுகிறார்கள். அதே செடியை அவித்துக் குடித்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று எவருக்கும் தெரியாது, அது நஞ்சாகும். முள்ளுச்சீத்தா இலைக் கசாயத்தைப் பற்றியும் இதையே சொல்வோம். உங்கள் சித்த வைத்தியர் உடல் தேறவும் பசி எடுக்கவும் எதையாவது கொடுத்தால் அதைப் புற்றுநோய் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கீமோவை நிறுத்தினால்தான் தன் மருந்து வேலை செய்யும் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் மீண்டும் போகாதீர்கள்.

வளவை ஈடு வைத்தாவது சென்னைக்குக் கொண்டுபோகலாமா?

முதலில் இங்குள்ள வைத்தியரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இங்கே செய்ய முடியாத எந்தச் சிகிச்சை அங்கே தேவைப்படுகிறது, அதனால் இவருக்கு எவ்வளவு பயன் கிடைக்கும். பதில் தெளிவாக இருந்தால் போங்கள். 1954இல் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இலாப நோக்கமின்றி இயங்குவது. வேறு பல மருத்துவமனைகள் அப்படி அல்ல. முகவர்கள் சொல்லும் முதல் கட்டணம் கடைசிக் கட்டணமாக இருப்பதில்லை. அங்கே தொடங்கிப் பாதியில் காசு முடிந்து திரும்பியவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்கள் வளவையும் இழந்தார்கள், நாட்களையும் இழந்தார்கள்.

மோர்பின் கொடுத்தால் விரைவில் இறந்துவிடுவார்களா?

இல்லை. வைத்தியர் சொன்ன அளவில் வாயால் எடுக்கும் மோர்பின் உயிரைக் குறைப்பதில்லை. நோவில்லாமல் உறங்கிச் சாப்பிட விடுகிறது. கடும் புற்றுநோய் வலிக்கு அதைப் பரிந்துரைக்கும் படிமுறையை உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வெளியிட்டது. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். நோகும்போது மட்டும் கொடுக்காமல் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். வலியைப் பொறுப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

1993இல் கோழிக்கோட்டில் சிறியதாகத் தொடங்கிய வலிநிவாரணப் பணி, அயலவர்களே பயிற்சி பெற்று வீடுவீடாகப் போகும் பேரியக்கமாகக் கேரளம் முழுதும் வளர்ந்தது. வாசிகசாலையும் சனசமூக நிலையமும் ஒவ்வொரு குறிச்சியிலும் இருக்கும் எங்கள் ஊருக்கு அது எட்டாத காரியம் அல்ல.

நான் கொடுக்கும் பணத்தை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா, நோயாளியின் பஸ் காசுக்குக் கொடுப்பதா?

இந்த இரண்டும் வெவ்வேறானவை அல்ல என்பதை ஓர் இலங்கை ஆய்வே காட்டியது. 1980களின் தொடக்கத்தில், கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வாய்ப் புற்றுநோயையும் அதன் முன்நிலைகளையும் கண்டுபிடிக்க முடியுமா என்று மத்திய மலைநாட்டில் சோதித்தார்கள். அவர்கள் ஓராண்டில் சுமார் 28,000 பேரின் வாயைப் பார்த்தார்கள், வேலையையும் நன்றாகவே செய்தார்கள். ஆனால் மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் அந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மற்றப் பாதிப்பேர் ஏன் வரவில்லை? நாங்கள் செய்துவரும் வேலை முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

வந்துசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அயலிலேயே விடை உண்டு. 1996இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பெரிய ஆய்வு, புகைப்பவர்களினதும் மெல்லுபவர்களினதும் குடிப்பவர்களினதும் வாயைக் கண்ணால் பார்த்துப் பரிசோதித்ததாலேயே அவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள் சுமார் 34 வீதம் குறைந்ததை 2005இல் வெளியிட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் வினாகிரி தடவிக் கருப்பைக் கழுத்தைப் பார்க்கும் எளிய முறை, அந்தப் புற்றுநோயின் மரணங்களை 35 வீதம் குறைத்ததாக 2007இல் வெளிவந்தது. டோர்ச் வெளிச்சமும் வினாகிரியும் பயிற்சி பெற்ற கைகளும் இவ்வளவு செய்திருக்கின்றன. ஆகவே புதிய மருந்துக்கான ஆராய்ச்சியை மதிக்கும் நாங்கள், எங்கள் மண்ணில் யார் பிந்தி வருகிறார்கள், ஏன் பிந்துகிறார்கள், எந்த உதவி அவர்களை முந்தி வரவைக்கும் என்று ஆராய்பவர்களுக்கே முதலில் பணம் போக வேண்டும் என்று கேட்கிறோம்.

வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்ப விரும்புகிறேன். ஏமாறாமல் இருப்பது எப்படி?

முகநூலில் வரும் படத்தைப் பார்த்து உடனே அனுப்பாதீர்கள். அமைப்பு என்றால் அதன் பதிவு விவரத்தையும் கணக்காய்வு அறிக்கையையும் கேளுங்கள். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தன்னார்வ அமைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன. தனி நோயாளி என்றால் வைத்தியரின் கடிதத்தைக் கேட்டு, விடுதியிலோ கிராம அலுவலரிடமோ உறுதிப்படுத்துங்கள். நோயாளியின் முகத்தையும் புண்ணையும் படம்பிடித்து அனுப்பச் சொல்லாதீர்கள். உதவி கேட்பவருக்கும் மானம் உண்டு. கோயில் திருவிழா உபயத்தைப் போல ஒரு நாளுக்குப் பெரிய தொகை தருவதைவிட, ஒருவரின் 7 வாரக் கதிர்வீச்சுக்கான போக்குவரத்தை முழுதாகப் பொறுப்பேற்பது பயன்மிக்கது.

பணம் இல்லை. வேறு எதைக் கொடுக்கலாம்?

இரத்தம் கொடுங்கள். கீமோ பெறுபவர்களுக்குக் குருதிச் சிறுதட்டுகள் அடிக்கடி தேவைப்படும். அவற்றை 5 நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. நினைவு தினங்களில் வரிசையாக முகாம்கள் நடந்து, பிறகு வாரக்கணக்கில் எவரும் வராத நிலை இருக்கிறது. 18 முதல் 60 வயது வரையுள்ள உடல்நலம் உள்ளவர்கள் 4 மாதங்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம். முகாம் இல்லாத கிழமையில் இரத்த வங்கிக்கு நேரே போங்கள். மோட்டார் சைக்கிள் உள்ளவர்கள் வாரத்தில் ஒரு காலைப்பொழுதைத் தந்தாலும் ஒரு நோயாளி கிளினிக் போய்வருவார்.

நோயாளி காலமாகிவிட்டார். வீட்டில் மிஞ்சிய மருந்தையும் பொருட்களையும் என்ன செய்வது?

மோர்பின் குளிசைகளையும் மருந்துநீரையும் எவருக்கும் கொடுக்காமல், எண்ணிப் பார்த்து, தந்த மருத்துவமனையிலேயே ஒப்படையுங்கள். கீமோ மாத்திரைகளையும் அப்படியே செய்யுங்கள். குப்பையிலோ கிணற்றடியிலோ போட வேண்டாம். சக்கர நாற்காலி, காற்று மெத்தை, கட்டிலில் வைக்கும் மலச்சட்டி ஆகியவற்றைக் கழுவி வெயிலில் காயவைத்துத் தொண்டர்களிடம் சொல்லுங்கள். எட்டுச்செலவோ அந்தியேட்டியோ முடிந்த பிறகு சொன்னாலும் போதும், அவசரமில்லை, நாங்களே வந்து எடுப்போம். கிளினிக் கொப்பியை மட்டும் வீட்டிலேயே வைத்திருங்கள். பிள்ளைகளுக்குப் பின்னொரு நாள் வைத்தியர் குடும்ப வரலாறு கேட்கும்போது அது உதவும்.